நீர் வடியும் திசை

ஐந்து நகல்.
அளவு ஒன்றுக்கு இருநூறு.
வலது மேல்மூலையில் வடக்கு.
கொடுங்கையூரில் வடக்கை யாரிடமும் கேட்க வேண்டாம்,
காற்று திரும்பினால்
மணலி வந்து மூக்கில் உட்காரும்.

எல்லைக்கல் நான்கில் ஒன்று
பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் போயிருந்தது.
கல்லை நான் பார்க்கவில்லை.
படியை நாணயத்தால் தட்டினேன்,
சத்தம் மாறிய இடத்தில் புள்ளி வைத்தேன்.
உரிமம் பெற்ற நில அளவர் என்ற முத்திரைக்குக் கீழே
இதையெல்லாம் எழுத இடமில்லை.

பத்திரத்தில் இரண்டரை கிரவுண்டு.
நாடாவில் நாற்பது சதுர அடி குறைச்சல்.
ஏசுபாதம், ஜெயசீலி, லாரன்ஸ்
மூவரும் முதலில் என்னைப் பார்த்தார்கள்,
அப்புறம் ஒருவரை ஒருவர்.
ஹார்பரில் கிரேன் ஓட்டியவர் வாங்கிப் போட்ட இடம்.
அவர் இருந்தவரை அதற்கு
அ, ஆ, இ என்று மனை எழுத்துகள் இல்லை.
வில்லங்கம் ஏதும் இல்லை என்று
முப்பது வருஷத்துக்குச் சான்று வாங்கியிருந்தார்கள்.
அது கைக்கு வந்த அன்றுதான்
அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் தடவை திரும்பி வந்தது:
அடுத்த நிலத்தார் பெயர் இல்லை.
இரண்டாம் தடவை:
வேம்பின் அடிமரச் சுற்றளவு இல்லை.
கட்டிப்பிடித்துத்தான் அளந்தேன்,
சட்டையெல்லாம் கட்டெறும்பு.
மூன்றாம் தடவை சிவப்பு மையில் ஒரே வரி:
மழைநீர் வடியும் திசையை
அம்புக்குறியால் காட்டுக.

அம்புதானே என்று
மேற்கிலிருந்து கிழக்கே ஒன்று இழுத்தேன்.
ராத்திரி ஒன்பதரைக்கு லாரன்ஸ் வந்தான்:
“அண்ணன் வூட்டுத் தண்ணி என் வாசல் வழியா போவணுமா?”
தெற்கே திருப்பினேன்.
காலையில் ஜெயசீலி,
ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றியபடி,
ஒன்றும் பேசாமல்
அம்பின் முனையிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.
அழித்து அழித்து
அந்த இடத்தில் தாள் மெலிந்து
வெளிச்சம் தெரிந்தது.

ஐப்பசி மழையில் நேரில் போனேன்.
தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது,
மனை ஒரு தட்டு மாதிரிக் கீழே கிடந்தது.
முன்பே எடுத்த லெவலில்
இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும்
ஒரு விரல்கடை வித்தியாசம்.
முழங்கால் தண்ணீரில் ஒரு பால் கவர்
மூன்று மனையையும் அனுமதி கேட்காமல் கடந்து
வேம்பைச் சுற்றி
திரும்பவும் என் காலிடம் வந்து நின்றது.

கால்வாய்க் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
சிரித்தாள்.
“எங்கயும் போவாது சார், நிக்கும்.
நாலு நாள் இங்க நிக்கும்,
அப்பால என் வூட்ல வந்து படுத்துக்கும்.”

நிற்கும் தண்ணீருக்குக் குறியீடு
பட்டியலில் இல்லை.
அம்பு கிழக்கேதான் போயாக வேண்டும்,
கால்வாய் அங்கேதான்.
அஞ்சலாட்சியின் பெயரும் எதிலும் இல்லை:
கிழக்கே, கால்வாய்ப் புறம்போக்கு.
இருபத்தாறு வருஷமாக அங்கே
ஒரு தகரக் கூரை, இரண்டு நீல டிரம்,
மின்மீட்டர்கூட இருக்கிறது.

விதிகளை மறுபடி படித்தேன்.
ஒன்பதாவது, சின்ன எழுத்தில்:
எல்லையிலிருந்து ஐம்பது அடிக்குள் உள்ள கட்டுமானங்கள்
புள்ளிக்கோட்டில்.

ஒன்றுக்கு இருநூறில் அவள் வீடு
பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம்.
பென்சிலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன்.
மை ஏற்றினால் ஒரு கோப்பில் நீ இருப்பாய்,
கோப்பை யார், எதற்குத் திறப்பார்கள் என்று
எனக்குச் சொல்லத் தெரியாது என்றேன்.
ஏற்றாவிட்டால்
அம்பின் முனையில் வெறும் வெள்ளைத் தாள்.

அவள் தாளைத் தலைகீழாகப் பிடித்து,
பிறகு நேராக்கி,
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு
வெகுநேரம் பார்த்தாள்.

“போடறதுன்னா போடு.
ஆனா கதவு இந்தப் பக்கம் இல்ல,
தெருவப் பார்த்து இருக்கு.”